ஆப், ஓவுலேஷன் ஸ்ட்ரிப், பிரெக்னன்சி கார்டு: எதற்குக் காசு கொடுக்கலாம்?

குழந்தைக்காகக் காத்திருக்கிற பெண்களுக்கு மாதத்தின் கடைசி இரண்டு வாரம் எப்படிப் போகும் என்று தெரிந்தவர்கள்தான் இந்தப் பொருட்களையெல்லாம் செய்கிறார்கள் போலிருக்கிறது. நான் மூன்றையும் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். மாதவிடாயைக் குறித்துவைக்கிற ஆப் ஒன்றின் கட்டணப் பதிப்பு, கருமுட்டை வெளிவரும் நாளைக் காட்டுகிற ஓவுலேஷன் ஸ்ட்ரிப், அப்புறம் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிற பிரெக்னன்சி கார்டு. கார்டுக்கு என்னிடம் முழு மதிப்பெண். ஸ்ட்ரிப் சிலருக்குப் பயன்படும், சிலருக்குக் குழப்பம்தான். ஆப்பின் கட்டணப் பதிப்பை வாங்காதீர்கள். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது விற்பதே வெள்ளைப்படுதலை வைத்துக் கர்ப்பத்தைச் சொல்லிவிடலாம் என்கிற ஒரு தவறான நம்பிக்கையைத்தான்.

ஆப்பின் பெயர் வேண்டாம், இதே மாதிரி இன்னும் பல இருக்கின்றன. இலவசப் பதிப்பில் நாட்களைக் குறித்துக்கொள்ளலாம், அது நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு வருடத்துக்குப் பணம் கட்டினால் தினமும் உடம்பில் என்ன மாற்றம் என்று பதியச் சொல்லும். வெள்ளைப்படுதலுக்கு மட்டும் ஐந்தாறு வகை வைத்திருக்கிறார்கள்: எதுவும் இல்லை, பிசுபிசுப்பு, க்ரீம் மாதிரி, தண்ணீர் மாதிரி, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி. இதுவரைக்கும் எனக்கு அதன்மேல் ஒரு குறையும் இல்லை. நம் வீடுகளில் வெள்ளைப்படுதல் என்றாலே உடம்பு சூடு, எலும்பு உருகிப் போகிறது, வெந்தயம் ஊற வைத்துக் குடி என்றுதான் பேச்சு. அது கர்ப்பப்பையின் வாயிலிருந்து வருகிற திரவம், மாதம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும், அந்த மாற்றத்துக்கு அர்த்தம் உண்டு என்று எத்தனையோ பெண்களுக்கு முதன்முதலாகச் சொன்னதே இந்த மாதிரி ஆப்கள்தான். எலும்பெல்லாம் உருகவில்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, இன்றைக்கும் அந்தப் பயத்தில் வெளியே சொல்லாமல் இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள்.

பிரச்சினை மாதத்தின் இரண்டாம் பாதியில் ஆரம்பிக்கிறது. கருமுட்டை வெளிவந்து ஏழெட்டு நாள் ஆனதும், க்ரீம் மாதிரி என்று பதிந்த மறுநிமிடம் ஒரு அறிவிப்பு வரும், இது கர்ப்பத்தின் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம் என்று. மார்பு வலி என்று பதிந்தால் இன்னொன்று. சோர்வு என்று பதிந்தால் மற்றொன்று. எல்லாவற்றையும் கூட்டி நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண் வேறு காட்டுகிறது. அந்த எண் ஏற ஏற மனசும் ஏறும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அதைப் பார்க்கிற பெண்ணின் நிலைமை என்னவென்று அதைச் செய்தவர்கள் யோசித்தார்களா என்றே தெரியவில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

உடம்பில் நடப்பது இதுதான். மாதவிடாய் முடிந்ததும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மெல்ல மெல்ல ஏறுகிறது. அது ஏற ஏற அந்தத் திரவம் அதிகமாகி, தெளிந்து, வழுவழுப்பாகி, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் நூலாக நீளும். விந்தணு உயிரோடு இருந்து மேலே நீந்திப் போவதற்கு ஏற்ற நிலைமை அது. கருமுட்டை வெளிவந்ததும் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் ஆட்சிக்கு வருகிறது. உடனே திரவம் குறைந்து, கெட்டியாகி, வெள்ளையாகப் பசைபோல ஆகிவிடும், அல்லது ஒன்றுமே இல்லாமல் வறண்டுவிடும். அந்த மாதம் கரு தரித்தாலும் சரி, தரிக்காவிட்டாலும் சரி, அடுத்த பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு ஆள்வது அதே புரோஜெஸ்டிரோன்தான். அப்படியிருக்க, அந்த நாட்களில் வருகிற க்ரீம் மாதிரியான வெள்ளைப்படுதல் எப்படிக் கர்ப்பத்தை மட்டும் தனியாகச் சொல்லும்? சொல்லாது. சிலருக்குக் கரு தரித்த மாதத்தில் வறண்டு போகாமல் தொடர்ந்து வந்திருக்கிறது, சிலருக்கு வறண்டே இருந்து கார்டில் இரண்டு கோடு வந்திருக்கிறது. கர்ப்பம் உறுதியாகி வாரங்கள் போகப் போக வெள்ளைப்படுதல் அதிகமாவது உண்மை, அது இயல்பும்கூட. ஆனால் அது பின்னால் நடப்பது. நாள் தள்ளிப்போவதற்கு முன்னால் அதை வைத்து ஜோசியம் பார்க்க முடியாது.

மற்ற அறிகுறிகளும் ஏறக்குறைய இதே கதைதான். மார்பு கனத்து வலிப்பது, தூக்கம் தூக்கமாக வருவது, வயிறு உப்புவது, அடிவயிற்றில் இலேசான பிடிப்பு, காரணமில்லாமல் அழுகை, இவ்வளவும் புரோஜெஸ்டிரோன் செய்கிற வேலை. மாதவிடாய்க்கு முன்னால் ஒவ்வொரு மாதமும் வருவதும் இதுவே. மசக்கை பெரும்பாலும் கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிட்டு ஆறாவது வாரம் வாக்கில்தான் ஆரம்பிக்கும். நாள் தள்ளுவதற்கு நான்கு நாள் முன்னால் சாம்பார் வாசனை பிடிக்கவில்லை என்றால் அது ஆசையும் பதற்றமும் சேர்ந்து செய்கிற வேலையாகவும் இருக்கலாம். காலையில் எழுந்ததும் படுக்கையை விட்டு இறங்காமல் உடல் வெப்பத்தை அளந்து குறித்துவைக்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நம்பகமான தகவல் கிடைக்கிறது. கருமுட்டை வெளிவந்த பிறகு வெப்பம் அரை டிகிரி செல்சியஸுக்குள் ஏறும், மாதவிடாய் வரும் சமயத்தில் இறங்கும். இறங்காமல் 18 நாட்களுக்கு மேல் அப்படியே நின்றால் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் 18 நாள் காத்திருப்பதற்குள் கார்டே பதில் சொல்லிவிடுகிறது.

சரி, அப்படியென்றால் வெள்ளைப்படுதலைக் கவனிப்பதே வீணா என்றால், இல்லை. கர்ப்பமா இல்லையா என்று பார்க்க அது உதவாது, எப்போது கரு தரிக்கும் என்று பார்க்க நன்றாக உதவும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஜான் பில்லிங்ஸ் என்ற மருத்துவர் 1953-ல் ஆரம்பித்து, பிறகு மனைவி எவலின் பில்லிங்ஸோடு சேர்ந்து உருவாக்கிய முறையே முழுக்க முழுக்க இந்தக் கவனிப்பின் மேல் நிற்பதுதான். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. 1995-ல் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், கரு தரிக்கக் கூடிய நாட்கள் மொத்தமே ஆறு என்று வந்தது: கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். அந்த ஆறு நாளில்தான் அந்தத் தெளிந்த வழுவழுப்பு தெரியும். ஆப் என்ன செய்கிறதென்றால், போன மாதங்களின் கணக்கை வைத்து ஒரு நாளை ஊகித்து வட்டம் போடுகிறது. 28 நாள் தவறாமல் வருகிறவர்களுக்கு அது பரவாயில்லை. 35 நாள், 42 நாள் என்று மாறி மாறி வருகிறவர்களுக்கு அந்த வட்டம் தப்பான இடத்தில் விழும். உங்கள் உடம்பே காட்டுகிற அடையாளத்தை நம்புங்கள், ஆப் போடுகிற வட்டத்தை இல்லை.

ஆப் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. நாம் பதிகிற இந்த விவரங்கள் எங்கே போகின்றன? நான் பயன்படுத்தியது அதுவல்ல, ஆனால் ஃப்ளோ என்கிற மிகப் பிரபலமான ஆப், பெண்களின் விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களோடு பகிர்ந்துகொண்டது என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டி, 2021-ல் அந்த விவகாரம் சமரசத்தில் முடிந்தது. வீட்டு நாத்தனாரிடம்கூடச் சொல்லாத விஷயத்தை ஒரு கம்பெனியிடம் சொல்கிறோம் என்ற நினைப்போடு பதியுங்கள். ஒரு டைரியும் பேனாவும் போதும் என்பது என் முடிவு.

ஓவுலேஷன் ஸ்ட்ரிப்புக்கு வருகிறேன். எல்.எச். என்ற ஹார்மோன் சட்டென்று எகிறுவதை இது சிறுநீரில் பிடிக்கிறது. எகிறிய பிறகு ஒன்றரை நாளுக்குள் பெரும்பாலும் கருமுட்டை வெளிவந்துவிடும். ஆன்லைனில் கட்டாக வாங்கினால் ஒரு ஸ்ட்ரிப் மலிவாகவே கிடைக்கிறது, மெடிக்கல் ஷாப்பில் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. வெள்ளைப்படுதல் மாற்றம் சரியாகப் பிடிபடாதவர்களுக்கு நல்ல துணை. கார்டு மாதிரி இல்லை, இதில் சோதனைக் கோடு ஒப்பீட்டுக் கோட்டின் அளவுக்கு அடர்த்தியாகவோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஆம் என்று அர்த்தம், மங்கலாக இருந்தால் இல்லை என்று அர்த்தம். பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறவர்கள் இதில் பணம் போடுவதற்கு முன்னால் மருத்துவரைக் கேளுங்கள், அவர்களில் பலருக்கு எல்.எச். எப்போதுமே கொஞ்சம் தூக்கலாக இருப்பதால் ஸ்ட்ரிப் நாள் தவறாமல் ஆம் ஆம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இப்போது கார்டு. பிரேகா நியூஸ், ஐ-கேன் என்று எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும் இரண்டையும் பயன்படுத்தியிருக்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று குறைவில்லை, 50 ரூபாய் வாக்கில் ஒன்று வாங்கலாம். அதைவிட விலை கூடிய, டிஜிட்டல் எழுத்தில் சொல்கிற வகைகள் எல்லாம் இருக்கின்றன, தேவையில்லை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் கார்டு, ஒரு சின்ன டிராப்பர், ஈரம் படாமலிருக்க ஒரு சிலிக்கா பொட்டலம். டிராப்பரால் மூன்று சொட்டு சிறுநீரை எஸ் என்று போட்டிருக்கிற குழியில் விட வேண்டும், ஐந்து நிமிடம் சமதளமான இடத்தில் வைத்துவிட வேண்டும். சி பக்கம் மட்டும் கோடு வந்தால் இல்லை. சி, டி இரண்டிலும் வந்தால் ஆம். சி பக்கமே வரவில்லை என்றால் கார்டு கெட்டுவிட்டது, வேறொன்று வாங்க வேண்டும்.

நான் இந்தப் பொருளை மதிப்பதற்குக் காரணம், இது ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. கரு பதிய ஆரம்பித்த பிறகு சுரக்கிற எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். மார்பு வலியையும் சோர்வையும் கூட்டிப் பார்த்து ஊகம் சொல்வதில்லை. ஒரு காலத்தில் இந்தப் பதிலுக்காக எலிக்கும் தவளைக்கும் பெண்ணின் சிறுநீரை ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பதிலையும் மருத்துவர்தான் முதலில் தெரிந்துகொள்வார். 1967-ல் அமெரிக்காவில் ஆர்கனான் கம்பெனியில் டிசைனராக இருந்த மார்கரெட் கிரேன் என்ற பெண்தான், ஆய்வகத்தில் வரிசையாக நின்ற சோதனைக் குழாய்களைப் பார்த்துவிட்டு, இதைப் பெண்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்று முதல் மாதிரியைச் செய்தார். முதலில் உங்களுக்குத் தெரியட்டும், அப்புறம் மற்றவர்களுக்கு என்கிற அந்த உரிமை 50 ரூபாய்க்குக் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. இன்னும் முழுகாமல் இருக்கிறாளா என்று ஊரே விசாரிக்கிற இடத்தில் வாழ்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எந்த நாளில் போடுவது என்பதில்தான் பலருடைய காசும் கண்ணீரும் வீணாகிறது. கருமுட்டை வெளிவந்து 6 முதல் 12 நாளுக்குள் கரு பதிகிறது, பெரும்பாலானவர்களுக்கு 8, 9, 10-வது நாளில். அதற்கு முன்னால் உடம்பில் எச்.சி.ஜி.யே இருக்காது, கார்டு எதைக் காட்டும்? நாள் தள்ளிப்போன முதல் நாளில்கூட, பத்தில் ஒரு கர்ப்பத்தில் கரு இன்னும் பதிந்திருக்காது என்று வில்காக்ஸ் குழுவினரின் 2001 ஆய்வு சொல்கிறது. அதனால் நாள் தள்ளிய அன்று காலை முதல் சிறுநீரில் ஒன்று, இல்லையென்று வந்து மாதவிடாயும் வரவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து இன்னொன்று. இரண்டு கார்டு போதும். பரிசோதிக்கிற முன்னிரவில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும், அது மட்டும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குள் நிறத்தோடு மங்கலாக ஒரு கோடு தெரிந்தால் அது கோடுதான், ஆம்தான், இரண்டு நாள் கழித்துப் போட்டால் அடர்த்தியாக வரும். குப்பையில் போட்டதை மத்தியானம் எடுத்துப் பார்த்துத் தெரிகிற சாம்பல் நிறக் கீற்று, காய்ந்ததால் வருவது, அதை நம்பாதீர்கள்.

நாளுக்கு முன்னாலேயே தினம் ஒன்று போட்டுப் பார்ப்பதில் இன்னொரு வேதனையும் இருக்கிறது. கரு பதிந்து சில நாட்களிலேயே தானாகக் கலைந்துபோவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. 1988-ல் வந்த ஓர் ஆய்வில், பதிந்த கருக்களில் 22 சதவீதம் அந்தப் பெண்ணுக்குத் தெரியவரும் முன்பே போயிருந்தது. அவசரமாகப் பார்த்தால் இரண்டு கோடு தெரியும், நான்கு நாளில் மாதவிடாய் வந்துவிடும். அப்படி நடந்திருந்தால் அது நீங்கள் மாடிப்படி ஏறியதாலோ பப்பாளி சாப்பிட்டதாலோ இல்லை. பெரும்பாலும் அந்தக் கருவின் குரோமோசோமிலேயே குறை இருந்திருக்கும். யார் என்ன சொன்னாலும் பழியைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

சிகிச்சையில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கருமுட்டை வெளிவருவதற்காக எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால், அந்த மருந்தே பத்துப் பதினான்கு நாள் வரைக்கும் கார்டில் இரண்டு கோடு காட்டக்கூடும். மருத்துவர் சொன்ன தேதிக்கு முன்னால் தொடவே வேண்டாம். புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ உள்ளே வைக்கிற கேப்ஸ்யூலோ கொடுத்திருந்தால் மார்பு கனக்கும், தூக்கம் வரும், மாதவிடாயும் தள்ளிப்போகும், கேப்ஸ்யூல் கரைந்து வருவதே வெள்ளைப்படுதல் மாதிரி இருக்கும். ஆப் இதையெல்லாம் கேட்பதே இல்லை. நான் பதிந்த நாட்களில் அந்த எண் தாறுமாறாக ஏறியது, மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லவே அதில் இடம் இல்லை.

கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் கார்டு கேட்டால் கவுண்டரில் இருக்கிற ஆள், கல்யாணம் ஆயிடுச்சாம்மா என்று நாலு பேர் முன்னால் கேட்பார். அவருக்கு அது தேவையில்லாத கேள்வி. இன்னொரு கடையில் ஒரு அக்கா இருக்கிறார், பேசாமல் எடுத்து, காலாவதி தேதியைத் திருப்பிக் காட்டி, காலையில் முதல் தடவை போகும்போது பாருங்கம்மா என்று மெதுவாகச் சொல்லிக் கொடுப்பார். பக்கத்தில் ஆப்ஷன் இருந்தால் அப்படிப்பட்ட கடைக்கு இரண்டு தெரு கூடுதலாக நடந்தாலும் பரவாயில்லை. காலாவதி தேதியை நீங்களும் பாருங்கள்.

வெள்ளைப்படுதலை டைரியில் எழுதுகிறவர்கள் வேறு சிலதையும் கவனிக்க வேண்டும். கட்டி கட்டியாக வந்து கடும் அரிப்பு இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், சாம்பல் நிறத்தில் மீன் வாடை வீசினாலோ மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தாலோ அதுவும் தொற்றுதான். எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள், கர்ப்பம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கடையில் கேட்டு மாத்திரை வாங்கவும் வேண்டாம், மருத்துவரிடம் நாள் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

கார்டால் சொல்ல முடியாத ஒன்று, கரு எங்கே பதிந்திருக்கிறது என்பது. கருக்குழாயிலேயே பதிந்துவிட்டாலும் கார்டில் இரண்டு கோடு வரும். இரண்டு கோடு வந்த பிறகு ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலி, இரத்தப்போக்கு, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம், இதில் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே, ராத்திரியானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றவர்கள் ஆறேழு வாரம் வாக்கில் ஸ்கேன் எடுத்துக்கொண்டால் இடமும் தெரியும், இதயத் துடிப்பும் தெரியும்.

50 ரூபாயும் செலவழிக்க வேண்டாம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை இலவசம், கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டாலே போதும். ஆம் என்று வந்தால் அங்கேயே கர்ப்பத்தைப் பதிவு செய்து ஆர்.சி.எச். எண் என்கிற பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள், தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்தப் பதிவு வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் அங்கேயே தருகிறார்கள், தினம் 400 மைக்ரோகிராம், முயற்சி செய்கிற மாதங்களிலிருந்தே ஆரம்பிக்க வேண்டிய மாத்திரை அது.